ஆவணிக் கணக்கு

நல்லூர்த் தேர் முடிந்த கிழமை
கல்லுண்டாய் வெளியில் என்னை இறக்கிவிட்டார்கள்.
ஒரு தொப்பி, ஒரு தண்ணிப் போத்தல்,
கம்பனிப் பெயர் பொறித்த பைனாகுலர்,
பதினாறு பக்கப் படிவம்.
நாட்கூலி நாலாயிரத்து ஐந்நூறு,
மத்தியானச் சோறு தனி.

சோளகம் இன்னும் அடங்கவில்லை.
தரவை முழுக்க வெள்ளை.
வெடித்த சேற்றின்மேல் உப்புப் பொருக்கு,
கால் வைத்தால் அப்பளம்போல் நொறுங்கும்.
குப்பைமேட்டுப் புகை
அராலிப் பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

பக்கம் ஏழு: பறவைகள்.
இனம். எண்ணிக்கை. நேரம்.
மூன்று நாள் நின்றேன்.
ஆட்காட்டி இரண்டு.
காகம் சேர்க்கத் தேவையில்லை என்றார்கள்.
ஒரு நொண்டிக் கொக்கு
மிஞ்சிய குட்டையைப் பார்த்தபடி நின்றது,
பூட்டிய சங்கக்கடை வாசலில்
கூப்பனோடு நிற்பவரைப்போல.
எழுதினேன். கையொப்பம் வைத்தேன்.
ஒரு சொல்லும் பொய்யில்லை.

கார்த்திகையில் ஒருக்கால் வந்து எண்ணுவம்
என்று கேட்டுத்தான் பார்த்தேன்.
அறிக்கை புரட்டாசியில் கச்சேரிக்குப் போகவேணும்
என்றார் அருள்வரதன்.
நல்ல மனுசன்.
தன் நண்டுக்கறியில் பெரிய காலை
எனக்கு எடுத்து வைத்தவர்.
நண்டு இந்தக் களப்பு நண்டு.

பக்கம் பதினொன்றில்
சேற்றுவாழ் உயிரிகளுக்கு ஒரு கட்டம்.
எழுதக் குனிந்தபோது மூக்கில் அடித்தது
அந்த அவித்த முட்டை மணம்.
கம்பஸில் இரண்டாம் வருடம்
இதே பொருக்கை ஒரு கரண்டி சுரண்டி
மழைத்தண்ணியில் போட்டு
ஆய்வுகூட யன்னலோரம் வைத்தோம்.
மூன்றாம் நாள் தண்ணி துடித்தது.
கமாவைவிடச் சின்னதாய், நூற்றுக்கணக்கில்,
மல்லாந்து நீந்திக்கொண்டு.

அதே முட்டைகள்தான்
என் செருப்புக்குக் கீழே
மழைக்குக் காத்துக் கிடந்தன.
"இல்லை" என்று எழுதினேன்.
பேனை நன்றாகத்தான் எழுதியது.

ஐப்பசி நடுவில் கிரவல் வந்தது,
நாளைக்கு அறுபது ரிப்பர்.
யாரோ ஒரு சுற்றாடல் தினத்தில்
கண்டல் கன்று நட்டுப் பலகை வைத்திருந்தார்கள்.
பலகையும் சேர்ந்தே புதைந்தது.

கார்த்திகை. முதல் பெருமழை விட்ட விடியல்.
கூலியில்லாமல் போனேன்.
வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்தன,
ஊசிவால் வாத்துகள், கருவால் மூக்கன்கள்,
உள்ளான் என்று மட்டும் சொல்லிவிட்டு விடுகிற
சின்னஞ்சிறு கூட்டங்கள்,
பின்னால் மெதுவாக, வெட்கப்பட்டதுபோல், பூநாரைகள்.
எத்தனையோ எல்லை தாண்டி வந்த இடத்தில்
நிலம் சிவப்பாய் இருந்தது.
இறங்கக் கால் நீட்டியவை
நீட்டிய காலைத் திரும்ப மடித்தன.
இரண்டு தரம் சுற்றின.
பிறகு மண்டைதீவுப் பக்கமாய்,
அங்கே என்ன இருக்கிறதோ.

இந்த ஊரில் எண்ணுவதென்றால்
வேறு பட்டியல்கள் இருக்கின்றன.
மண்ணுக்கடியில் இருப்பதை
இல்லை என்று எழுதிய கடதாசிகளை
நாங்கள் நிறையப் பார்த்தவர்கள்.
அதனால்தான்
என் கையெழுத்தைக் காண எனக்குக் கூசுகிறது.

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எண்ணினேன்:
ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம், பூநாரை தவிர்த்து.
படம் எடுத்து அருள்வரதனுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலச் சரி.
பிறகு ஒரு கைகூப்பு.

கிரவலில் ரிப்பர்ச் சில்லு பதிந்த பள்ளத்தில்
மழை தேங்கியிருந்தது.
குந்தியிருந்து பார்த்தேன்.
செம்மண் தண்ணி, அசைவில்லை.
மூன்று நாள் செல்லுமே.