பணகுடியில் பதினோரு நிமிடம்

இடது காது கூட்டத்துக்கு.
வலது காது அடுத்த பாட்டுக்கு.
நடுவே இருக்கிற மண்டையாவது எனக்கென்று பார்த்தால்
அங்கேயும் வந்து நிற்கிறார் மாப்பிள்ளையின் சித்தப்பா:
"ஏட்டி முப்புடாதி, நம்மூரு மேளம் ஒண்ணு போடுதது?"

(போஸ்டரில் டிஜே முப்பி.
ஆதார் அட்டையைப் பார்த்துத்தான்
அட்வான்ஸ் கொடுத்திருந்தார்.)

போடலாம் சித்தப்பா, சும்மா போட முடியாது.
நையாண்டி மூன்று மூன்றாய்க் குலுங்கும்,
இப்போது ஓடுகிற ஹவுஸ் நாலு காலில் நடக்கும்.
போதாததற்கு, இரண்டு பாட்டின் பேஸும்
ஒரே நேரத்தில் எழுந்து நின்றால்
சம்பந்திச் சண்டை.
ஒருவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத்தான்
மற்றவரை மேடைக்குக் கூப்பிட வேண்டும்,
உட்கார்ந்தவருக்கே தெரியாமல்.

உருமியின் ஒரு முனகலை மட்டும் வெட்டினேன்.
அரை பீட் லூப்.
ஃபில்டரைத் திருகத் திருக
முனகல் மெலிந்து கொசுவானது,
கொசு இன்னும் மெலிந்து
காதுக்கும் சந்தேகத்துக்கும் நடுவில் நின்றபோது

கரண்ட் போனது.

திரும்பின பக்கமெல்லாம் காற்றாடி சுற்றுகிற ஊரில்
கரண்ட் போனது.

பிள்ளைகள் "ஓ" என்றார்கள்.
ஜெபஸ்தியான் ஜெனரேட்டருக்கு ஓடினான்.
டீசல் கேன் வேனில்,
வேன் சாவி அவன் மச்சான் பாக்கெட்டில்,
மச்சான் வள்ளியூரில், ஐஸ்கட்டி வாங்க.

செத்தது ஆம்ப்தான்.
லேப்டாப் பேட்டரியில் பாட்டு இன்னும் ஓடியது,
என் வலது காதில் மட்டும்,
யாருக்கும் தெரியாமல் பற்றியெரிகிற அடுப்பு மாதிரி.

இடது காதில் ஒன்றுமில்லை.
அப்புறம், மண்டபத்துக்குப் பின்னாலிருந்து,
உஸ்ஸ்.
ஆனிக் காற்றை அறுத்துக்கொண்டு
உஸ்ஸ்.

சாயங்காலம் சவுண்ட் செக்கில் மாப்பிள்ளை சொல்லியிருந்தான்
(அதன் உச்சியில் ஏறி நட்டு முடுக்குவதுதான் அவன் வேலை):
"இந்தக் காத்துக்கு நிமிசத்துக்குப் பதினாலு சுத்துக்கா, எண்ணிப் பாருங்க."
மூன்று இலை. நாற்பத்திரண்டு வீச்சு.
வீச்சுக்கு மூன்று அடி வைத்தால்
நூற்றி இருபத்தாறு.

என் டெக்கில் எரிந்துகொண்டிருந்த எண்ணைப் பார்த்தேன்.
நூற்றி இருபத்தாறு.

ஜாக் வீலை நகத்தளவு தள்ளினேன்.
அதிகம். திரும்ப இழுத்தேன்.
காற்றுக்கு சிங்க் பட்டன் கிடையாது.
வலது காதின் முதல் அடி
இடது காதின் உஸ்ஸில் போய் உட்கார்ந்ததும்
தலைக்கு மேல் கையைத் தட்டினேன். மூன்று. மூன்று. மூன்று.

பெண்ணின் தோழி, ராதாபுரத்து நர்ஸ்,
அவள்தான் முதலில் பிடித்தாள்.
பிறகு அவள் வரிசை. பிறகு பந்தி பரிமாறுகிறவர்கள்,
சாம்பார் வாளியில் கரண்டியால்.
இருட்டில் யார் ஆடினார்கள் என்று தெரியாது.
தரை மட்டும் தெரிந்தது.

ஜெனரேட்டர் இருமியது, நின்றது, மறுபடி இருமியது.
விளக்கு வந்துவிட்டது.
நான் ஃபேடரைத் தொடவில்லை.
எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.
ஜெபஸ்தியான் "போடுக்கா, போடுக்கா" என்கிறான்.
ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு இலை தூணைக் கடந்தது. விட்டேன்.
அடுத்தது கடக்கும்போது
பேஸைத் திறந்தேன்.

கணக்குத் தீர்க்கும்போது சித்தப்பா கேட்டார்:
"கரண்டு இல்லாத பதினோரு நிமிசத்துக்கு
துட்டைக் கழிச்சுக்கிடலாம்லா, தாயி?"
"கழிச்சுக்கிடுங்க."

வயரைச் சுருட்டி வேனில் ஏற்றிவிட்டு
ஒரு நிமிடம் நின்று எண்ணினேன்.
பதிமூன்று. காற்று இறங்கியிருந்தது.
பதிமூன்றென்றால் நூற்றிப் பதினேழு.
அதற்கும் என்னிடம் ஒரு பாட்டு இருக்கிறது.