மூன்று ஐந்து நோட்டு

ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்குப் பின்னால் என் கடை.
ஆறு மேசை, ஒரு தோசைக்கல்,
சுவரில் பலகை அடித்து உட்கார வைத்த டிவி.
பந்து விளையாட்டு இருக்கிற ராத்திரி
கல் ஆறவே ஆறாது.

அக்டோபரில் இடி விழுந்தது.
திரை நீலமாகிப் போனது.
பதினெட்டு நாள் நீலம்.
தோசையைப் பிய்த்தபடி சனங்கள்
அந்த நீலத்தையே பார்த்தார்கள்,
ஏதாவது சொல்லும் என்று.

டெக்னீஷியன் வந்தான். கூரையில் ஏறினான்.
"மழை விடட்டும் அக்கா" என்று இறங்கினான்.
ஒரு தே ஓ குடித்தான்.
அதற்கு நான் காசு வாங்கவில்லை.

மாதக் கடைசியில் பில் மட்டும்
எந்த மழைக்கும் ஒதுங்காமல் வந்து சேர்ந்தது.
எழுபத்திரண்டு வெள்ளி. முழுசாக.

போன் போட்டேன்.
தமிழுக்கு நான்கை அழுத்தச் சொன்னது.
அழுத்தினால் ஒரு பாட்டு.
இரண்டு ஈடு இட்லி வெந்து இறங்கும் வரை
அதே பாட்டு, அதே இடத்தில் தொடங்கி.
அப்புறம் ஒரு பெண்: "புவான் திலா... கேஸ்..."
"திலகேஸ்வரி" என்றேன்.
"நாற்பத்து மூன்று வெள்ளி இருபது காசு
கிரெடிட் பண்ணிடுவோம் மேடம். ஏழு வேலை நாள்."

ஒரு நாளைக்கு இரண்டு வெள்ளி நாற்பது.
கணக்கு சரி.

இடுப்பிலிருந்து நோட்டை எடுத்தேன்.
அட்டையில் மூன்று ஐந்து போட்ட நோட்டு,
உள்ளங்கைக்குள் அடங்கும்.
எனக்குத் தர வேண்டியவர்கள் அத்தனை பேரும்
அதற்குள்ளேதான் குடியிருக்கிறார்கள்.
லோரி மாசிலாமணிக்கும் மீன்கடை ஆ கியாட்டுக்கும் நடுவில்
ஒரு பக்கம் காலி.
எழுதினேன்: டிவி கம்பெனி. 43.20.

பொய் சொல்வானேன், கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.
வானத்தில் சொந்தமாக ஆள் வைத்திருக்கிறவன்
என் இடுப்பில் கடன்காரன்.

அடுத்த பில்லில் கிரெடிட் வந்தது.
34.20.
மூன்றும் நான்கும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன,
வாத்தியார் திரும்பியதும்
ஒன்றும் தெரியாத முகத்தோடு பிள்ளைகள் இருப்பார்களே,
அப்படி.

மறுபடி நான்கு. மறுபடி பாட்டு.
இந்தத் தடவை ஒரு பையன்.
"ஒன்பது வெள்ளிதானே மேடம்."

அந்தத் 'தானே'வை அவன் சொல்லியிருக்கக் கூடாது.
ஒன்பது வெள்ளி என்பது ஆறு தோசை தம்பி.
காலை நாலு மணிக்கு எழுந்து
ஆறு தோசை சுட்டுப் பார்.

புகார் எண் கொடுத்தான். பதினொரு இலக்கம்.
நோட்டின் ஓரம் வரை ஓடி
மடங்கிக் கீழே இறங்கியது.

சனிக்கிழமை
பாக்கியை அடைக்க மாசிலாமணி உட்கார்ந்தான்.
தன் பக்கத்தில் விரல் வைத்து இறங்கியவன்
ஓரிடத்தில் நின்றான்.
"இருபத்தொண்ணாந் தேதி நாலு தோசை, ஒரு தே தாரேக்.
அன்னைக்கு நான் ஈப்போவுல இல்ல இருந்தேன்?"
"என் நோட்டு தப்பாது" என்றேன்.
"டோல் ரசீது வண்டியில இருக்குக்கா."
"பாத்துச் சொல்றேன், ஒரு வாரம்..."

முடிக்கவில்லை.
காதுக்குள் எங்கோ அந்தப் பாட்டு தொடங்கியது.
அடுத்து வரவிருந்த 'எட்டு வெள்ளிதானே'
நாக்கு நுனியில் நின்று
என்னையே பார்த்தது.

மாசிலாமணி பேசாமல் இருந்தான்.
ரசீது எடுக்க எழுந்தவனை உட்காரச் சொன்னேன்.
அந்த வரியின் மேல் கோடு இழுத்தேன்.
பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து.
அந்த நாலு தோசையைத் தின்றது யார் என்று
இன்னும் தெரியவில்லை.
மழையங்கி போட்ட முதுகு ஒன்று
ஞாபகத்தில் வருகிறது, முகம் வரவில்லை.

டிவி கம்பெனியின் பக்கத்தை அடிக்கவில்லை.
பாக்கி 9.00.
திங்கட்கிழமை மாவு பொங்கியதும்
நான்கை அழுத்துவேன்.