கிளெனிஸ் கி

பாகாயம் ரோட்டில், ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரே,
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
கடைக்காரர் தாமாகவே ஒட்டிவிட்ட தாள்:
'லண்டன் மேடம் இங்கிலீஷ். மணிக்கு நானூறு.'
லண்டனை அவர் மூன்று முறைதான் பார்த்திருக்கிறாராம்,
அதில் இரண்டு முறை ரயில் மாற.
வேல்ஸ் என்றால் ஜெராக்ஸ் கடையில் யாருக்குத் தெரியும்?

கணவரின் விசாவோடு கூட வந்தவர்.
வேலை செய்யக் கூடாதென்று அதில் அச்சடித்திருக்கிறது.
அதனால் அவர் கை பணத்தைத் தொடாது.
குக்கருக்குப் பக்கத்தில் பிஸ்கட் டப்பா,
போகும்போது மூடியைத் திறந்து போட்டுவிட்டு
ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளலாம்.

சம்பளம் தள்ளிப்போன மாசம்
இலவம்பாடி முள்ளுக்கத்திரி இரண்டு கிலோ கொண்டுபோனேன்.
முள் குத்திய விரலைச் சப்பிக்கொண்டே
என்னவோ திட்டினார். அது இங்கிலீஷ் இல்லை.
'அம்மா வீட்டுப் பேச்சு. இங்கிலீஷ் எனக்கு
ஸ்கூலுக்குப் போன பிறகுதான்.'
இதை நான் கீழே கடையில் சொல்லவில்லை.

எனக்கு அயர்லாந்து பரீட்சை.
நைட் டூட்டி முடித்துக் கண்ணெல்லாம் மணலாக வந்து உட்காருவேன்.
பேரணாம்பட்டு இம்தியாஸ் தோல் வாசனையோடு வருவான்.
விலையைக் குறைக்க முடியாது என்று
இத்தாலிக்காரனுக்கு மரியாதையாகச் சொல்லத் தெரிய வேண்டும் அவனுக்கு.

'இங்கே ஏன் தி வருது, அங்கே ஏன் வரலை?'
என்று கேட்டால் மேடம் ஜன்னலைப் பார்ப்பார்.
மரமில்லாத மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருக்கும்.
இரண்டு வாக்கியத்தையும் வாயில் ஊறப்போட்டுப் பார்த்து
'காதுக்கு அப்படித்தான், ரெனீகா' என்பார்.
சூத்திரம் எனக்குத் தெரியும்.
போளூர் கவர்மென்ட் ஸ்கூலில் முட்டி போட வைத்து ஏற்றியது.
நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார்.
அந்த ஒரு மணிக்கும் நானூறு
நான்தான் போட்டேன்.

ஒருநாள் அவர் கேட்டார்:
'காபி கீபி. பஸ் கிஸ். ஜுரம் கிரம்.
இந்தக் கி என்னது?'
கூட வர்றது மேடம். காபின்னா காபி மட்டும் இல்லை,
டீயோ பாலோ, அது மாதிரி எதுவோ.
பிடித்துப்போய் ஒரு பக்கம் முழுக்க எழுதினார்.
சாவி கீவி. மழை கிழை. டாக்டர் கீக்டர்.
புருஷன் கிருஷன். அங்கே மட்டும் கொஞ்சம் சிரித்தார்.
'கிணறுக்கு?'
கிணறு கி...
வாயைத் திறந்தேன். மூடினேன்.
'கிளிக்கு? கிழங்குக்கு?'
இல்லை மேடம். கி-யில ஆரம்பிச்சா
கூட எதுவும் வராது.
'ஏன்?'
இம்தியாஸைப் பார்த்தேன்.
உருதுவில் வேற எழுத்து என்று கழன்றுகொண்டான்.
'காதுக்கு அப்படித்தான்' என்றேன்.

நோட்டை மூடி அட்டையைப் பார்த்தார்.
அவர் பேர், தமிழில்,
போன மாசம் நான் எழுதிக் கொடுத்தது.
விரலை முதல் எழுத்தின்மேல் வைத்தபடி
கொஞ்ச நேரம் இருந்தார்.

கீழே புதுக் குரல், கடைக்காரரிடம்:
'அண்ணே, மேல மேடம் கீறாங்களா?'
எங்க பக்கத்துப் பேச்சு அது, இருக்கு என்பதே கீது.
நான் எழுந்திருப்பதற்குள்
படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டி
'கீறேன்' என்றார் அவர்.
'கீறேன், மேல வா.'