குழி எண் பதினேழு

வனவாசிக்கு மேற்கே, கிளுவை வேலி முடிகிற இடத்தில்
ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு வெட்டச் சொல்லியிருந்தார்கள்.
மேய்ச்சல் புறம்போக்கு. கொழுக்கட்டைப் புல், நடுநடுவே ஊசிப்புல்,
நிழலென்று சொல்ல ஒரே ஒரு வெள்வேல்.
கிழக்கே சேர்வராயன் மலை நீலமாகப் படுத்திருந்தது.
இங்கிருந்து பார்க்கிற யாருக்கும் மழை எப்போதும் அங்கேதான்.

முதல் இரண்டு விரற்கடை கடப்பாரைக்கு மசியவில்லை.
பொருக்கு.
போன வாரம் வந்த ஒரே மழையையும்
உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிறுத்திப்
பேசி அனுப்பிவிட்ட மண்.
உடைத்தால் அப்பளம்போல் நொறுங்கியது.
அதன் கீழே, யாரோ இரண்டு தரம் சலித்து வைத்த மாவு.

மாரப்பன் வெட்டினான். நான் எழுதினேன்.

கைப்பதம் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
ஒரு பிடி எடுத்து, பாட்டில் தண்ணீரில் நனைத்து,
இரண்டு விரலுக்கு நடுவே நீட்டிப் பார்க்க வேண்டும்.
களி என்றால் நாடாவாக நீளும். மணல் என்றால் நறநறக்கும்.
இது இரண்டுக்கும் பிடி கொடுக்காமல்
முகப்பவுடர்போல வழுக்கி
என் ஆயுள் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.
வண்டல் என்று எழுதினேன்.
ஆறே இல்லாத காட்டுல வண்டலா, என்றான்.
காற்று கொண்டுவந்திருக்கும், இல்லையென்றால்
மலையே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்திருக்கும் என்றேன்.
அதற்குக் கட்டம் இல்லை.

அமிலத்தைச் சொட்டினால் எழுபது சென்டிமீட்டர்வரை பேச்சில்லை.
அதற்குக் கீழே சீறி நுரைத்தது,
சுண்டுவிரல் மொத்தத்தில் வெள்ளை வெள்ளை முடிச்சுகள்.
செவப்புக்கு அடியில சுண்ணாம்பு இருக்கும்னு
வெத்தல போடுறவனுக்குத் தெரியாதா சார்,
குழிக்குள்ளிருந்து அவன் சிரிப்பு மட்டும் மேலே வந்தது.

புல்வேர்கள் நாற்பதோடு நின்றுவிட்டன.
ஒன்று மட்டும் சுண்ணாம்புவரை போய், முட்டி,
பக்கவாட்டில் திரும்பியிருந்தது.
அதன் நீளத்தை அளந்தேன். யாரும் கேட்கவில்லை.

நிறம் மட்டும் பாக்கி.
நிற அட்டைக்குக் காலை வெயில் வேண்டும், முதுகுப் பக்கத்திலிருந்து.
நாளைக்குப் பார்க்கலாம் என்று
குழியைத் திறந்தபடியே விட்டுப் போனோம்.
போகலாம் என்று சொன்னது நான்தான்.

காலையில் கந்தாயி கரைமேல் நின்று எங்களை ஏசிக்கொண்டிருந்தாள்.
முப்பத்தொன்றில் ஒரு குட்டி குறைகிறது.
குழிக்குள்ளயும் ரெண்டு வாட்டி பாத்துட்டேன்,
மண்ணுதான் இருக்குது.

நாங்களும் பார்த்தோம். மண்தான் இருந்தது.
பிறகு மண் கண்ணைத் திறந்து மூடியது.

மேச்சேரிக் குட்டி. கம்பளி கிடையாது, குட்டை முடி,
தெற்குச் சுவரில் ஒட்டிக்கொண்டு
ராத்திரி முழுக்கச் சுவராகவே நின்றிருக்கிறது.
நான் ஆணியால் கீறிவைத்த அடுக்குக் கோடுகளை
உடம்பால் தேய்த்து அழித்துவிட்டது.
சுண்ணாம்பு முடிச்சு ஒன்றை நக்கி உருண்டையாக்கியிருந்தது.

மாரப்பன் தூக்கிக் கொடுத்தான்.
நான் அட்டையை விரித்து, ஓட்டையை
அதன் விலாமேல் வைத்தேன்.
வெயில் முதுகுப் பக்கம். மூன்றாம் பக்கம், கீழிருந்து இரண்டாவது சதுரம்.
பனியில் நனைந்திருந்த வயிற்றுப் பக்கம் ஒரு சதுரம் அடர்த்தி.
உலர்ந்த நிறம், ஈர நிறம், இரண்டையும் எழுதிக்கொண்டேன்.
அப்புறம்தான் சுவரில் வைத்துப் பார்த்தேன்.
திருத்த வேண்டியிருக்கவில்லை.

என்னாத்துக்கு ஆட்டைப் படம் புடிக்கிற, என்றாள் கந்தாயி.
படமில்லை என்று சொல்ல ஆரம்பித்து விட்டுவிட்டேன்.
குட்டி நொண்டியது. இருநூறு ரூபாய் கொடுத்தேன்,
எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கினாள்.
மந்தை போன வழியெல்லாம்
பொருக்கு குளம்பு குளம்பாக உடைந்து கிடந்தது.

குழியை மூடினோம்.
எடுத்ததையெல்லாம் போட்டும் ஒரு ஜாண் குறைந்தது.
மாரப்பன் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
ஜீப் சக்கரத்தில் கொஞ்சம், கந்தாயி சேலைக் கரையில் கொஞ்சம்,
குட்டியின் மேல் எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்.
மீதி என் ரேகைக்குள்.
ஓமலூர் வந்து மூன்று தரம் கழுவினேன்.