கலக்காத நாள்

பிஷ்கெக்கில் ஜூன் வெயில்.
டிராலிபஸ் திரும்பும் முனையில் என் பீப்பாய்கள் இரண்டு.
நீலத்தில் மக்சிம்: வறுத்த தானியம் அரைத்துப் புளிக்கவைத்தது.
வெள்ளையில் சாலாப்: உப்பிட்ட தயிர்த் தண்ணீர்.
இரண்டுக்கும் ஒரே விதி,
கலக்கிக்கொண்டே இரு.

நாலு எட்டு தள்ளி ரஹத்தின் தேநீர்.
சர்க்கரையைப் போட்டு ஒரு சுற்று, அவ்வளவுதான்.
முதல் மிடறும் கடைசி மிடறும் ஒரே இனிப்பு.
பேருந்தின் முகப்பு வெளிச்சம்
அவள் கண்ணாடிக் குவளைக்குள் நுழைந்து
சிவப்பாய் மறுபக்கம் போய்விடும்.
என் சாலாப்பில் நுழைந்த வெளிச்சம்
உள்ளேயே தங்கிவிடும், வெள்ளையாய், வழி தெரியாமல்.

பள்ளியில் இரண்டு கட்டம் போடச் சொன்னார்கள்:
ஒருபடித்தானவை, பலபடித்தானவை.
சோடாவை எதில் எழுதுவது என்று நான் விழித்தேன்.
மூடியிருந்தால் முதல் கட்டம்,
திறந்தால் குமிழி குமிழியாய் இரண்டாவது.
கோட்டின் மேலேயே எழுதினேன். பாதி மதிப்பெண்.

செவ்வாய்க்கிழமை வலது தோள் பிடித்துக்கொண்டது.
துடுப்பை மூடிமேல் கிடத்திவிட்டு
குழாயை மட்டும் திறந்து மூடினேன்.
குழாய் இருப்பது அடியில்.
இரவெல்லாம் படிந்த மாவும் அங்கேதான்.

காலை எட்டரைக்கு மீட்டர் பார்க்கும் சபிர்பெக்
மீசையைத் துடைத்தபடி கேட்டார்:
"இதைக் குடிக்கவா, மெல்லவா?"
மாலை ஆறரைக்குச் செருப்புக்கடைச் சீருடையில் ஒரு பெண்:
"பீப்பாயைக் கழுவிய தண்ணீரா இது?"
இருவரிடமும் ஒரே காசு வாங்கினேன்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள்.
புருஷன் பெண்டாட்டியாம்.
இரவு முழுக்கத் தூங்கவில்லையாம்.
"கஞ்சி என்கிறார் இவர்."
"தண்ணீர் என்கிறாள் ஜில்திஸ்."
ஒரே கடை, ஒரே பீப்பாய், ஒரே நாள்,
ஆக ஒருவர் பொய்.
நடுவே வேறு பழைய கணக்குகளும் கிளம்பியிருந்தன,
யாருடைய அண்ணன், எந்தக் கடன், எனக்கெதற்கு.

நான் வாதாடவில்லை.
குழாயில் ஒரு குவளை பிடித்தேன்.
மூடி திறந்து மேலிருந்து ஒரு குவளை மொண்டேன்.
அவர் குவளையை அவளிடம்,
அவள் குவளையை அவரிடம்.

இருவரும் குடித்தார்கள்.
ரஹத் தன் ஆவிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.
ஜில்திஸ் பல்லிடுக்கில் சிக்கிய தவிட்டை
விரல்நுனியில் எடுத்து
வெயிலில் வெகுநேரம் பார்த்தாள்.
"இதுவா?" என்றாள்.
"அதுதான்" என்றார் அவர்,
ஜெயித்தவர் குரலில் இல்லை.

என் தோளைக் காட்டித் துடுப்பை நீட்டினேன்.
மீட்டர் சக்கரத்தை எண்ணுகிறவர்போல்
முணுமுணுத்து எண்ணிக்கொண்டே கலக்கினார்.
அடி மேலே வந்தது, மேல் அடிக்குப் போனது,
நிறம் ஒன்றாயிற்று.

ஒரே குவளை போதும் என்றார்கள்.
பேசிக்கொண்டே அதைக் கையில் வைத்திருந்தார்கள்,
அதற்குள் விளிம்புக்குக் கீழே
தெளிந்த நீர் ஒரு நூலளவு.

சீக்கிரம் குடியுங்கள், என்றேன்.
படிந்துவிடும்.