பதினாறு போல்ட்

ராணிப்பேட்டைக்குப் புதிதாய் வேலைக்கு வருகிறவன்
முதல் நாளே கேட்பான்:
இந்த வெயிலில் ஹீட்டர் எதற்கு?
சிப்காட்டில், எங்கள் இரண்டாம் ஷெட்டில்
ரெசின் அறுபது டிகிரிக்குக் கீழே இறங்கினால்
குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும்.
சித்திரை வெயிலுக்கு
நாற்பத்திரண்டிலேயே மூச்சு வாங்கும்.

ராத்திரி ஹீட்டர் நின்றுவிட்டது.
காலை ஆறே முக்காலுக்கு
எஸ்தர் கனகவல்லி பர்மிட் புத்தகத்தோடு நிற்கிறாள்.
போன் வெளியே. தீப்பெட்டி இருந்தால் அதுவும்.
முனவ்வரின் நைலான் சட்டையும் வெளியே.
மேல்விஷாரத்திலிருந்து பைக்கில் வந்தவன்
கம்பெனி கொடுத்த காட்டன் சட்டையை மாட்டிக்கொண்டு
இன்னொருத்தருக்கும் இடம் இருக்கு அண்ணே என்கிறான்.

பிரேக்கரை இறக்கிப் பூட்டினேன்.
சாவி என் பையில்.
டெஸ்டரை முதலில் உயிருள்ள ஒயரில் வைத்துப் பார்த்தேன்,
பிறகுதான் செத்த ஒயரில்.
கெட்டுப்போன டெஸ்டருக்கு
எல்லா ஒயரும் செத்த ஒயர்.
கேஸ் மீட்டர் பூஜ்யம் என்றது.
மூக்கு மட்டும் டொலுயீன் என்றது.
இரண்டில் எதை நம்புவது என்று பர்மிட்டில் தெளிவாக இருக்கிறது.
மூக்குக்கு அங்கே கட்டம் கிடையாது.

இந்தப் பெட்டியைப் பற்றி
வெளியாட்கள் தப்பாக நினைக்கிறார்கள்.
இது வெடிக்காத பெட்டி இல்லை.
உள்ளே வெடிக்கலாம், அதற்கு அனுமதி உண்டு.
வெடித்த நெருப்பு
மூடிக்கும் உடலுக்கும் நடுவே
தலைமுடி நுழையத் திணறும் சந்தில்
ஊர்ந்து ஊர்ந்து வெளியே வருவதற்குள்
ஆறிப்போயிருக்க வேண்டும்.
அவ்வளவுதான் கணக்கு.
அதனால் அந்த விளிம்பில் அரம் படக்கூடாது,
பெயின்ட் கூடாது.
குளித்து வந்த பிள்ளையின் காது மடலைப்போல
துணியால் துடைக்க வேண்டும்.

பதினாறு போல்ட்டில் பன்னிரண்டுதான் இருந்தது.
நைட் ஷிப்டை
அவர்கள் தாத்தன் வரைக்கும் இழுத்துத் திட்டிக்கொண்டே
மூடியைக் கழற்றினேன்.
மெக்கர் வைத்ததில் மூன்றாவது எலிமென்ட் விழுந்துவிட்டது.
உள்ளிருக்கும் வெள்ளைப் பொடி ஈரம் குடித்திருக்கிறது.
எர்த்தில் கசிந்து, ட்ரிப் ஆகி,
அதனால்தான் ராத்திரி நின்றிருக்கிறது.

பிறகு டார்ச்சைச் சாய்த்தேன்.
ஹை லிமிட்டின் இரண்டு முனைக்கும் நடுவே
விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் ஒயர்.
சூடு எல்லை மீறினால் நிறுத்த வேண்டியதை
வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.
எவன்டா, என்று ஆரம்பித்தேன்.
ஒயரின் சுற்று இடப்பக்கமாகப் போயிருந்தது.
முனையில் பச்சை டேப்.
எங்கள் ஸ்டோரில் பச்சை டேப் கிடையாது.
ஆற்காடு பஸ் ஸ்டாண்டு எதிரே
காசு கொடுத்து வாங்குகிறவன் நான்தான்.
இடதுகைக்காரனும் நான்தான்.

ஐப்பசி மழை ராத்திரி அது.
நான்கு தடவை ட்ரிப். வெளியே லாரி ஹாரன்.
காலையில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.
காலை வந்தது.
அதற்கப்புறமும் ஆறு மாதம் காலை வந்துகொண்டே இருந்தது.

முனவ்வரும் பார்த்தான்.
பார்த்துவிட்டு அவன் டார்ச்சை
கிளாண்டு பக்கம் திருப்பிக்கொண்டான்.
எனக்கு அவன் செய்த உபகாரம்.
இரண்டாம் ஷெட்டில்
ஒரு ஷிப்டுக்குப் பதினோரு பேர்.

ஈரம் குடித்த எலிமென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
அது கெட்டுப்போகாமல் இருந்திருந்தால்
இந்த மூடியை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

பர்மிட்டில் ‘கண்ட குறை’ என்ற கட்டத்தில்
ஹை லிமிட் பைபாஸ் என்று எழுதினேன்.
செய்தது யார் என்று அந்தக் காகிதம் கேட்கவில்லை.
ஓரத்தில் இடம் இருந்தது.
கு. ஏகாம்பரம், எலக்ட்ரீஷியன்.

எஸ்தர் படித்தாள். மறுபடி படித்தாள்.
இது மேலே போகும், என்றாள்.
போகட்டும், என்றேன்.
சரி, மீதி நாலு போல்ட் எங்கே?
அது நான் இல்லை என்று சொல்லிக்கொண்டே
டூல் பாக்ஸைக் கவிழ்த்தேன்.
இரண்டு உருண்டு வந்தன.

மற்ற இரண்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.