ஒன்பதில் ஒன்று

பெயரென்று ஒன்றுமில்லை அதற்கு.
ஒரு எக்ஸ். பிறகு ஒரு பின்னம்: ஒன்பதில் ஒன்று.
போர்ட் டால்பட் எஃகு ஆலையில்
சம்பளக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு
உடனே புரிந்துவிட்டது.
பணம் உள்ளவர்கள் முழுசாக வாங்கும் இத்தாலியக் கனவில்
எனக்கு எட்டுகிற பங்கு அவ்வளவுதான்.
எண்பத்தாறு, மார்ச். செகண்ட் ஹேண்ட்.
ஆயிரத்து நூறு பவுண்டு. ஆரஞ்சு நிறம்.

ஆப்பு வடிவில் இருந்தது.
ஆப்பாகவே ஆனது என்பான் இத்வல்.
உருட்டாலையில் இரவு ஷிப்ட் பார்த்தவன், என் கணவன்.
வந்த முதல் ஞாயிறே காருக்கு அடியில் படுத்து
கதவுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவரை வைத்தான்.
தேநீரில் ஊறிய கேக்கில் இறங்குவதுபோல்
பிடிவரை இறங்கியது.
"நாங்கள் உருட்டுகிற தகடு
ஒருநாளும் இப்படி உளுக்காது, நெரிஸ்."
அவனுக்குக் கோபம் காரின்மேல் இல்லை,
தகட்டின்மேல்.

எஞ்சின் முன்னால் இல்லை.
வழக்கமான பின்பக்கத்திலும் இல்லை.
சீட்டை ஒட்டி, நடுவில்,
என் தோள்பட்டையிலிருந்து ஒரு முழம்.
முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள்
எங்கள் தெருவில் நிறையப் பேர்
(பிள்ளை இல்லாதவள், அதான் இரண்டே சீட்டு).
அது ஒன்றுதான்
முதுகுக்குப் பின்னால் பேசிப் பேசியே
என்னை முன்னால் தள்ளியது.

விளக்கைப் போட்டால் வலது கண் எழும்.
இடது கண் தூங்கும்.
இறங்கிப் போய்த் தட்டி எழுப்பவேண்டும்.
எதிரே வருகிற பால்வண்டிக்கார கெரெய்ன்ட்
நான் கண்ணடிக்கிறேன் என்றே
ஒரு குளிர்காலம் முழுக்க நம்பியிருக்கிறான்.
பாவம், கூடுதலாகத் தயிர் வைத்துவிட்டுப் போவான்.
நானும் திருத்தவில்லை.

கூரையைக் கழற்றி முன்பெட்டியில் படுக்கவைக்கலாம்.
கழற்ற ஐந்து நிமிடம்,
மாட்டப் பதினைந்து.
வேல்ஸில் மழை பதினைந்து நிமிடம் காத்திருக்காது.
ஆனால் ஐம்பது மைல் வேகத்தைத் தாண்டிவிட்டால்
மழை கண்ணாடியில் ஏறி
தலைக்கு மேலாகவே போய்விடும்.
நின்றால்தான் நனைவோம்.
அவான் பள்ளத்தாக்கில் வளைவு வளைவாக ஏறினேன்,
மேலே கொட்டுகிறது, மடியில் ஒரு சொட்டு இல்லை.
உச்சியில், சாலை நடுவே, ஆடுகள்.
படுத்திருந்தன.
நின்றேன்.

தொண்ணூற்றிரண்டில் தகுதிச் சோதனையில் தோற்றது.
குறைகளின் பட்டியல் இரண்டு பக்கம்.
பற்றுச்சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன்:
காரின் விலையைப்போல் இரண்டரை மடங்கு.
கூட்டாமலே இருந்திருக்கலாம்.
லனெத்லியிலிருந்து ஹெவின் என்றொரு பையன்
டிரெய்லரோடு வந்தான்.
வெயில் நாள். கார் திறந்தே கிடந்தது.
இருநூறு பவுண்டு நோட்டை எண்ணித் தந்தான்.
கயிறு கட்டும்போது
அதன் மூக்கைத் தடவிக்கொடுத்தான், யாரும் பார்க்காதபோது.
நான் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஃபோன் வந்தது.
"கூரையைக் காணோமே, அங்கே இருக்கிறதா?"
கராஜ் கதவு திறந்திருந்தது.
சுவரில் சாய்ந்து, கறுப்பாக,
பிடித்து நிறுத்திய மாணவன்போல் நின்றது கூரை.
"தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை," என்றேன்.
இத்வல் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை
நிறுத்தினான்.
பிறகு தடவினான்.

ஆலையின் உலைகள் அணைந்துவிட்டன இப்போது.
இரவில் வானம் சிவப்பதில்லை.
தோட்டத்தில், நான்கு செங்கல் அடுக்கின்மேல், அந்தக் கூரை.
அடியில் இத்வலின் லீக் நாற்றுகள்.
"அந்தக் காரிலேயே உருப்படியானது இதுதான்,"
ஆண்டுக்கு ஒருமுறை சொல்வான்.
நான் ஏன் பொய் சொன்னேன் என்று
அவனும் கேட்டதில்லை,
கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மழை வருகிறது.
லனெத்லிப் பக்கம் எங்கோ
ஹெவினுக்கும் ஐம்பது தாண்டியிருக்கும்.
அவனும் ஐம்பதைத் தாண்டியே
ஓட்டிக்கொண்டிருக்கட்டும்.
ஆடுகளே,
எழுந்திருங்கள்.